லிஃப்ட் குழியா, சிம்னியா? பழைய மில்லுல பாத்த ஒரு ஒடுக்கமான அறை, தெரிஞ்சவங்க சொல்லுங்க

துருவன்:
எல்லாருக்கும் வணக்கம். இத்தன நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு இருந்தவன், இப்பதான் மொத தடவ இழை தொடங்கறேன். மூடி ரொம்ப வருஷமான ஒரு நூல் மில்லுக்குள்ள போன வாரம் போயிட்டு வந்தேன். ஓனருக்கு லெட்டர் எழுதி அனுமதி வாங்கித்தான் போனேன், வாட்ச்மேன் கூடவே வந்தாரு, அந்தப் பஞ்சாயத்த இங்கயே முடிச்சிடறேன். நாலு மாடி. மெஷின் ஒண்ணு கூட மிச்சமில்ல, எல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போயிடுச்சு, வெறும் தூணு, ஜன்னலு, புறா எச்சம்.

விஷயம் என்னன்னா, கட்டடத்து ஓரத்துல கீழ இருந்து கூரை வரைக்கும் ஒரே ஒரு ஒடுக்கமான செங்கல் அறை. கைய விரிச்சு நின்னா ரெண்டு பக்க சுவரும் விரல்ல தட்டுது. நடுவுல தளமே கிடையாது, அண்ணாந்து பாத்தா ஓடு விழுந்த எடத்துல வானம் தெரியுது. ஒவ்வொரு மாடி உயரத்துலயும் சுவத்துல ஒரு சதுர ஓட்டை, அதுக்குள்ள வார்ப்பிரும்புல பொட்டி மாதிரி ஒண்ணு பதிச்சு வச்சிருக்கு, அதுக்குக் கீழ சுவரு கருப்பா வழிஞ்சு கிடக்கு. பக்கத்து ரூம்ல தரையில நீளமா ஒரு பள்ளம், ஆள் உயரத்துக்கு மேல ஆழம், அடி தட்டையா இல்ல, சட்டி மாதிரி வளைஞ்சிருக்கு, தண்ணி நிக்குது. பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் கருங்கல் மேடை, அதுல மணிக்கட்டு தடிமனுக்கு போல்ட்டு மொளச்சாப்ல நிக்குது.

வாட்ச்மேன் லிஃப்ட்டுன்னு சொல்றாரு. எனக்கு சிம்னின்னு தோணுது. போட்டோ போட்டிருக்கேன், என்னதுங்க இது?

நிழல்பிடி:
ஐயோ என்னா லைட்டு ப்ரோ, அந்த மூணாவது போட்டோவுல மேல இருந்து விழற வெளிச்சம் சான்ஸே இல்ல. எந்த ஊரு, லொகேஷன் அனுப்புங்க, இந்த ஞாயித்துக்கிழமையே கெளம்பறேன்.

துருவன்:
மன்னிச்சிக்கோங்க, எடத்த பொதுவுல போட மாட்டேன். போன வருஷம் வேற ஒரு எடத்துக்கு நான்தான் மேப் லிங்க் போட்டேன், ரெண்டே மாசத்துல அங்க இருந்த பித்தளை வால்வு, காப்பர் கேபிள், கட்டுப்பாட்டுப் பலகையில இருந்த மீட்டர் எல்லாம் கழட்டிட்டாங்க. மீட்டர் இருந்த எடத்துல வட்ட வட்டமா ஓட்டை மட்டும். நானே கூப்பிட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு.

கொக்கி:
தம்பி, அறை என்னன்னு அப்புறம் பாப்போம். அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்குனீங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க.

துருவன்:
பாதி ஏணி வரைக்கும் எறங்கிட்டேன், தண்ணி நாறுச்சு, ஏறிட்டேன்.

கொக்கி:
நல்லவேள. நான் பல வருஷமா தொட்டி, பைப்புக்குள்ள எறங்கி வேலை பாக்கற ஆளு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. அழுகுன முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது கொஞ்சமா இருக்கறப்ப மூக்குக்கு நல்லா தெரியும், 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துல நூறு பங்கு) பக்கம் போனா மூக்கு மரத்துடும், நாத்தம் போயிடுச்சுன்னு நெனச்சிட்டு இன்னும் ரெண்டு படி எறங்குவீங்க. அதவிட மோசம் நாத்தமே இல்லாத கேஸு. மூடிக்கிடக்கற இரும்புத் தொட்டி சும்மா துருப்பிடிச்சிட்டே இருந்தா போதும், துரு பிடிக்கறதுக்கு ஆக்சிஜன் வேணும்ல, உள்ள இருக்கற காத்துல இருந்துதான் எடுத்துக்கும். நம்ம மூச்சு விடற காத்துல 20.9 சதவீதம் ஆக்சிஜன், 19.5க்கு கீழ போனாலே ஆள எறக்கக் கூடாதுன்னுதான் கணக்கு. ரொம்ப கொறஞ்ச எடத்துல மூச்சு முட்டற உணர்வே வராது, கால் மடங்கி உக்காந்துடுவீங்க, அவ்ளோதான். மேல இருக்கறவன் ஐயோ விழுந்துட்டானேன்னு குதிப்பான், அவனும் போயிடுவான். இந்த மாதிரி எடத்துல செத்தவங்கள்ல நெறைய பேரு காப்பாத்தப் போனவங்கதான்னு அமெரிக்காவுல விசாரணை பண்ணிப் பாத்தே சொல்லியிருக்காங்க. கேஸ் மீட்டர் இல்லாம பள்ளம், தொட்டி, சுரங்கவாய், சாக்கடை எதுக்குள்ளயும் தலைய விடாதீங்க.

ரெண்டாவது, ஆஸ்பெஸ்டாஸ். பாய்லரு, ஸ்டீம் பைப்பு மேல வெள்ளையா மாவுக்கட்டு போட்ட மாதிரி சுத்தியிருந்தா அதுதான்னு வச்சிக்கோங்க, கை வைக்காதீங்க, தொடைக்காதீங்க. மூச்சோட உள்ள போன அதோட நாரு நுரையீரல்ல வேலைய காட்ட 20, 30, 40 வருஷம் கூட எடுத்துக்கும், அதனாலதான் யாரும் பயப்பட மாட்டேங்கறான். துணி மாஸ்க்கு, ஆஸ்பத்திரி மாஸ்க்கு இதுக்கு ஆகாது, நுண்ணிய தூசியயும் தடுக்கற பி100 ஃபில்டர் இல்லன்னா எஃப்எஃப்பி3 மாஸ்க்கு, அதுவும் தாடி இல்லாம மூஞ்சோட ஒட்டணும்.

இரவுப்பறவை:
ஆரம்பிச்சிட்டாரு சேஃப்டி வாத்தியாரு 😄 லெட்டரு, வாட்ச்மேனு, கேஸ் மீட்டரு... இதெல்லாம் வச்சிட்டு போனா அது பள்ளிக்கூட சுற்றுலா அண்ணே. நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கு சுவரேறிக் குதிச்சு உள்ள போவோம், அந்த நிசப்தத்துல கேக்கற ஒவ்வொரு சத்தமும், அதுதான் அனுபவம். ஒண்ணும் எடுக்க மாட்டோம், ஒண்ணும் ஒடைக்க மாட்டோம். அனுமதி கேட்டா பத்துல ஒம்பது பேரு முடியாதும்பான், அப்புறம் ஒரு நாள் இடிச்சிடுவான், யாருமே பாக்காமயே போயிடும். எது மேல்?

கொக்கி:
நீங்க சொல்றதுல கடைசி வரி மட்டும் எனக்கும் வலிக்கத்தான் செய்யுது, ஒத்துக்கறேன். ஆனா ராத்திரில போய் என்ன பாப்பீங்க? தரையில போட்டிருக்கற இரும்பு கிராட்டிங்ல கிளிப்பு கழண்டிருக்கா இல்லையான்னு பகல்லயே தெரியாது, ஒரு ஓரத்துல காலு வச்சா மறு ஓரம் எழும்பும், நீங்க கீழ. மரத்தளம்னா ஜன்னலோரமும் கூரை ஒழுகற எடத்துக்கு அடியிலயும் உளுத்துருக்கும். சுவரோரமா உத்தரத்து மேலயே நடக்கறதுதான் பழக்கம்.

நீங்க எதையும் எடுக்க மாட்டீங்க சரி. எடுத்தவன் கதை ஒண்ணு சொல்றேன். 1987, பிரேசில்ல கோயானியான்னு ஒரு ஊரு. ஒரு கதிர்வீச்சு சிகிச்சை கிளினிக்கு வேற எடத்துக்கு மாறிப் போனப்ப ஒரு மெஷின அங்கயே விட்டுட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பேரு உள்ள புகுந்து அந்த ஈய உருளைய பழைய இரும்புக்கு விக்கலாம்னு தூக்கிட்டுப் போனாங்க. ஒடைச்சா உள்ள பொடி, இருட்டுல நீலமா மின்னுது. சீசியம்-137ன்ற கதிர்வீச்சுப் பொருள். அழகா இருக்கேன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுத்தாங்க. 4 பேரு செத்தாங்க, அதுல ஒண்ணு 6 வயசுப் பொண்ணு. ஸ்டேடியத்துல வரிசையா நிக்க வச்சு ஒரு லட்சத்துக்கும் மேலானவங்கள சோதிச்சாங்க, பல வீட்ட இடிச்சு மண்ணோட அள்ளிட்டுப் போனாங்க. ஃபேக்டரிலயும் தொட்டி மட்டம், தகடு தடிமன் பாக்கறதுக்கு இந்த மாதிரி கதிர்வீச்சு சோர்ஸ் வச்ச கருவி உண்டு. மூணு இதழ் மஞ்சள் குறி பாத்தா போட்டோ கூட வேணாம், வந்த வழியே திரும்புங்க, தகவல் சொல்லுங்க.

இரவுப்பறவை:
...சரிண்ணே. அந்த நீலப்பொடி கதை தெரியாது எனக்கு.

சும்மாகேக்கறேன்:
கோச்சிக்காதீங்க, ஒரு சந்தேகம். கோயில், அரண்மனை பாதுகாக்கறது புரியுது. இந்தத் துருப்பிடிச்ச கொட்டகைய எதுக்குப் பாதுகாக்கணும்? அங்க வேலை செஞ்சவன் நுரையீரல் போச்சு, குழந்தைங்கள வச்சு வேலை வாங்குனாங்க, விரல் போச்சு. பாரம்பரியம்னு இத கொண்டாடறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. எடம் காலியானா வீடு கட்டலாம்ல.

நிழல்பிடி:
அழகா இருக்கு, அது பத்தாதா?

சும்மாகேக்கறேன்:
பத்தாதுங்க. உங்களுக்கு அழகு, அங்க வேலை போனவனுக்கு அது வயித்தெரிச்சல்.

துருவன்:
நல்ல கேள்வி, எனக்கும் இது ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஜப்பான்ல நாகசாகி பக்கம் ஹாஷிமான்னு ஒரு தீவு, கடலுக்கு அடியில நிலக்கரி. மொத்தம் 6.3 ஹெக்டேர்தான், 1959ல அதுல 5,259 பேரு குடியிருந்தாங்க, 1916லயே கான்கிரீட்ல அடுக்குமாடி கட்டிட்டாங்க. 1974 ஜனவரில சுரங்கத்த மூடுனாங்க, ஏப்ரலுக்குள்ள ஒரு ஆள் இல்ல. இணையத்துல அதோட போட்டோ எத்தனையோ பாத்திருப்பீங்க, விழுந்த பால்கனி, பழைய டிவின்னு. ஆனா போர்க்காலத்துல கொரியாவுல இருந்தும் சீனாவுல இருந்தும் ஆளுங்கள வலுக்கட்டாயமா கொண்டுவந்து அந்தச் சுரங்கத்துல எறக்குனாங்கன்றது அந்த போட்டோவுல எங்கயும் இல்ல. 2015ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தப்ப அந்தக் கதையையும் சொல்றோம்னு ஜப்பான் ஒத்துக்கிச்சு, சரியா சொல்லலன்னு 2021ல யுனெஸ்கோ குழுவே வருத்தம் தெரிவிச்சுது. எடம் அப்படியே நிக்கறதாலதான இந்தச் சண்டையே நடக்குது? இடிச்சு வீடு கட்டியிருந்தா அந்தக் கேள்விய எங்க நின்னு கேக்கறது?

கொக்கி:
கூடவே இன்னொண்ணு. சிலில அடகாமா பாலைவனத்துல ஹம்பர்ஸ்டோன், சான்டா லாரான்னு ரெண்டு வெடியுப்பு ஆலை. உலகத்துக்கே வயலுக்கு உரம் அங்க இருந்துதான் போயிட்டு இருந்துது. ஜெர்மனில காத்துல இருந்தே அம்மோனியா எடுத்து உரம் பண்ற ஹேபர் முறைய 1913ல பெரிய அளவுல ஓட்ட ஆரம்பிச்சாங்க, இங்க படிப்படியா படுத்துடுச்சு, 1960ல ஊரே காலி. தியேட்டரு இருக்கு, இரும்புத் தகட்டுல கட்டுன நீச்சல் குளம் இருக்கு, ஆளு இல்ல. ஒரு கெமிஸ்ட்ரி ஃபார்முலா ஒரு ஊர எப்படி முடிக்கும்னு அங்க போனா நேராவே பாக்கலாம். தகரமும் மரமுமா இருந்ததால திருட்டு வேற, 2005ல யுனெஸ்கோல சேத்த அன்னிக்கே ஆபத்துப் பட்டியல்லயும் போட்டாங்க, 2019லதான் எடுத்தாங்க.

நிழல்பிடி:
சரி சரி, நான் ஏதோ அழகுக்கு மட்டும் அலையறவ மாதிரி ஆக்கிட்டீங்க 😅 ஜெர்மனில பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர்னு புருஷன் பொண்டாட்டி, 1959ல இருந்து தண்ணித் தொட்டி, பிளாஸ்ட் ஃபர்னஸ், கேஸ் தொட்டின்னு ஒரே மாதிரி எடுத்துட்டே இருந்தாங்க. மேகமூட்டமான நாள்ல மட்டும், நிழல் விழாம, நேர் எதிர்ல நின்னு. டிராமாவே கிடையாது. 1990ல வெனிஸ் கலைக் கண்காட்சில அந்த போட்டோக்களுக்கு சிற்பத்துக்கான பரிசு குடுத்தாங்க, அத நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும். அவங்க எடுத்ததுல நெறைய இப்ப இல்ல, இடிச்சாச்சு. அழகுக்காக எடுத்தாலும் ஒழுங்கா எடுத்தா ஆவணம்தான்றது என் கட்சி.

சும்மாகேக்கறேன்:
அப்ப எல்லாத்தையும் மியூசியம் ஆக்கணுமா? யாரு காசு குடுப்பா?

கொக்கி:
எல்லாத்தையும் யாரும் சொல்லல. ஜெர்மனில ஃபோல்க்லிங்கன்ல இரும்பாலை 1986ல நின்னுச்சு, 1994ல யுனெஸ்கோ, அது அப்படியே இருக்கு. அங்க இருந்து சில மணி நேரத்துல டூயிஸ்பர்க், 1985ல நின்ன உருக்காலை, அத பார்க்கா மாத்துனாங்க, பீட்டர் லாட்ஸ்னு ஒருத்தர் வடிவமைச்சது. தாது கொட்டுன பங்கர் சுவத்துல மலையேற்றம் பழகறாங்க, கேஸ் தொட்டிய தண்ணியால நெரப்பி டைவிங் கத்துக்கறாங்க. லண்டன்ல பேங்க்சைடு பவர் ஸ்டேஷன் டேட் மாடர்ன்ற கலைக்கூடம் ஆச்சு. இங்கிலாந்துல ஷ்ரூஸ்பரில ஒரு லினன் நூல் மில்லு, 1797ல கட்டுனது, உலகத்துலயே இரும்புச் சட்டத்துல நின்ன மொத கட்டடம், இன்னிக்கு வானத்த முட்டற கட்டடத்துக்கெல்லாம் பாட்டி. அது பல வருஷம் பாழாக் கிடந்து 2022லதான் தொறந்தாங்க.

கோலார் தங்க வயல எடுத்துக்கோங்க, 2001ல மூடியாச்சு. 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம். அதுல 2.3 கிலோமீட்டர் ஆழத்துலதான் 1965ல காஸ்மிக் கதிர்ல இருந்து வர்ற நியூட்ரினோன்ற நுண்துகள பிடிச்சாங்க, உலகத்துலயே மொதல் முறையா பிடிச்ச ரெண்டு எடத்துல ஒண்ணு அது. தங்கத்துக்குத் தோண்டுன குழி இயற்பியல் லேப் ஆச்சு. இப்ப மேல நின்னா சயனைடு கலந்த மண்ணு மேடுதான் கண்ணுக்குத் தெரியும்.

பாதுகாக்கணும்னு ஒரு உத்தரவு வரப் போகுதுன்னாலே போதும்னும் நெனைக்காதீங்க. 1980ல லண்டன்ல ஒரு டயர் ஃபேக்டரி, அருமையான முகப்பு, பட்டியல்ல சேக்கப் போறாங்கன்னு காத்து வாக்குல செய்தி வந்ததும் ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுல, ஆபீஸ் எல்லாம் லீவு, அந்த முகப்ப இடிச்சிட்டுப் போயிட்டாங்க.

பெல்ட்டும்ரோப்பும்:
வணக்கம். ரெண்டு நாளா எங்க பேரன் இத படிச்சுக் காட்டிட்டு இருந்தான், நான் சொல்ல அவன் டைப் பண்றான், எழுத்துப்பிழை இருந்தா அவன் தலையில. நான் மில்லுல பிட்டரா இருந்தவன், ரிட்டையர் ஆயாச்சு.

தம்பி துருவா, அது லிஃப்ட்டும் இல்ல, சிம்னியும் இல்ல. சிம்னின்னா உள்சுவரு மேல இருந்து கீழ வரைக்கும் சீரா கரி பிடிச்சிருக்கும். உங்க போட்டோவுல கருப்பு அந்த ஓட்டைக்குக் கீழ மட்டும்தான் வழியுது, அது கரி இல்ல, எண்ணெய், கிரீஸு. லிஃப்ட்டுன்னா ரெண்டு பக்கம் ரெயிலு ஓடுன தடம், போல்ட்டு ஓட்டை இருக்கணும், ஒண்ணும் காணோம்.

அது கயித்துச் சந்து. பக்கத்து ரூமு இன்ஜின் ரூமு. வளைஞ்ச பள்ளம் இருக்கே, அதுல சுத்துனது ஃப்ளைவீலு, இன்ஜினோட பெரிய சக்கரம், சக்கரத்தோட கீழ்ப்பாதி பள்ளத்துக்குள்ள, மேல்பாதி ரூமுக்குள்ள. ரெண்டு பக்கமும் கருங்கல் மேடை அதோட அச்சு பேரிங் உக்காந்த எடம். சக்கரத்து விளிம்புல வரிசையா வி மாதிரி பள்ளம் வெட்டியிருப்பாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பருத்திக்கயிறு, நம்ம கட்டைவிரலவிட தடிமன். கயிறு பள்ளத்தோட அடிய தொடக் கூடாது, ரெண்டு சரிவுலயும் ஆப்பு மாதிரி இறுகி நிக்கணும், அந்தப் பிடியிலதான் இழுக்கும். நாலு கயிறு மொத மாடிக்கு, அஞ்சு கயிறு ரெண்டாவது மாடிக்குன்னு அந்தச் சந்து வழியா மேல ஏறி, ஒவ்வொரு மாடில இருக்கற ஷாஃப்ட்டையும், அதான் சுழலற இரும்புத் தண்டு, சுத்தும். வார்ப்பிரும்புப் பொட்டின்னீங்களே, ஷாஃப்ட்டு சுவர தாண்டற எடத்துல பேரிங் உக்கார வைக்கற பொட்டி அது. அங்க இருந்து மாடி நெடுக லைன் ஷாஃப்ட்டு, அதுல இருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட்டு.

1870கள் தொட்டு இந்தக் கயிறு முறை மில்லுங்கள்ல பரவுச்சு. அதுக்கு முன்ன நட்டுக்குத்தா ஒரு ஷாஃப்ட்டு, கியர் பல்லு. ஒரு பல்லு போச்சுன்னா மொத்த மில்லும் நிக்கும். கயிறுன்னா ஒண்ணு அறுந்தாலும் மத்ததுல ஓட்டிக்கலாம், சாயங்காலம் நிறுத்துனப்புறம் பிளந்து முடைஞ்சுக்கலாம். நான் வேலைக்கு சேந்தப்ப எல்லாம் மோட்டாரு வந்தாச்சு, கயிறு ஓடி நான் பாத்ததில்ல. என்ன வேலைக்கு எடுத்த மேஸ்திரி அதுல முடையறவரா இருந்தவரு. அவரு சொல்லுவாரு, கயிறு முடையற எடத்துல முடிச்சு மாதிரி புடைப்பு தெரிஞ்சா அவன் வேலைக்காரனே இல்ல, தடவிப் பாத்தா எங்க சேத்தான்னு தெரியக் கூடாது, புடைப்பு இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் சக்கரத்துல தட்டும், அந்த சத்தத்த வச்சே எந்தக் கயிறுன்னு சொல்லிடுவாங்களாம்.

சந்து ஏன் தனியா செங்கல்ல கட்டுனதுன்னா, தீ. பஞ்சு தூசி, எண்ணெய் குடிச்ச மரத்தளம், ஓடற கயிறு. மாடிக்கு மாடி ஓட்டை விட்டு கயிற ஏத்துனா தீயும் அதே வழியா ஏறிடும். அதனால சுவரு கட்டி அடைச்சாங்க.

இரவுப்பறவை:
ஐயா, மெர்சலாயிட்டேன். நான் இந்த மாதிரி சந்துக்குள்ள ராத்திரில நின்னு போட்டோ எடுத்திருக்கேன், ஜெயிலுன்னு நெனச்சிட்டு இருந்தேன் 🙈

சும்மாகேக்கறேன்:
ஐயா சொன்னதுக்கு அப்புறம் அந்த போட்டோவ திரும்ப போய் பாத்தேன், இப்ப சுத்தறது தெரியுது. வெறும் சுவரா இருந்துது நேத்து வரைக்கும். என் கேள்விய வாபஸ் வாங்கல, ஆனா கொஞ்சம் யோசிக்கறேன்.

கொக்கி:
2003ல ரஷ்யாவுல நிஸ்னி டாகில்னு ஒரு ஊர்ல தொழில் பாரம்பரியத்துக்குன்னு ஒரு சாசனம் போட்டாங்க. கட்டடம், மெஷின் மட்டும் இல்ல, ஆவணம், தொழிலாளி குடியிருப்பு, வேலை செஞ்சவங்க கைப்பழக்கம் எல்லாத்தையும் அதுல எழுதியிருக்கு. மேஸ்திரி தடவிப் பாத்தாரே, அதுதான் அந்தக் கைப்பழக்கம். துருவா, ஐயாவ உக்கார வச்சு குரல் பதிவு பண்ணுங்க, பேரன் இருக்கான்ல.

துருவன்:
ஐயா, ரொம்ப நன்றிங்க. நேத்து திரும்ப போனேன், பள்ளத்துக்குள்ள எறங்கல கொக்கி அண்ணே, சத்தியமா. நீங்க சொன்னத வச்சு ஒவ்வொண்ணா தேடுனேன். தூணு தலைமாட்டுல ஒரு பக்கம் மட்டும் தட்டையா முகம் வச்சு நாலு போல்ட்டு ஓட்டை, எல்லாத் தூணுலயும் ஒரே நேர்கோட்டுல, லைன் ஷாஃப்ட்டு தொங்குன எடம் அதானே? தரையில அங்கங்க சின்ன கான்கிரீட் மேடையும் இருக்கு, அது பின்னாடி மோட்டார் வச்சதுன்னு நெனைக்கறேன், ஏன்னா பழைய எண்ணெய்க் கறை அதுக்கு அடியில போய் மறையுது.

முக்கியமான விஷயம். ரெண்டாவது மாடில சந்துக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு ஒரு சின்ன கதவு இருக்கு. கதவோட உள்பக்க சுவத்துல, டார்ச்ச சுவரோட ஒட்டி சாய்ச்சுப் பிடிச்சா மட்டும் தெரியுது, ஆணியால கீறுன மாதிரி 1ல இருந்து 5 வரைக்கும் நம்பரு வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் கீழ சின்னச் சின்ன கோடு. 1க்கு மூணு கோடு, 2க்கு நாலு, 3க்கு மூணு, 5க்கு ரெண்டு. 4க்கு மட்டும் பதினொண்ணு.

பெல்ட்டும்ரோப்பும்:
அது முடையறவன் கணக்கு தம்பி. அஞ்சு கயிறு, எது எத்தன தடவ அறுந்துச்சுன்னு. நாலாம் நம்பர் பள்ளம் அந்தச் சக்கரத்துல தேஞ்சு போயிருக்கும், இல்லன்னா வார்ப்புல சொரசொரப்பு, கயித்த அறுத்துக்கிட்டே இருந்திருக்கு. மேல சொல்லியிருப்பான், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அதான் சுவத்துல எழுதி வச்சிருக்கான்.

சுண்ணாம்பு பூசியோ தண்ணி ஊத்தியோ தெளிவாக்கறேன்னு கை வச்சிடாதீங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு, லைட்ட நாலு பக்கம் மாத்தி மாத்தி சாய்ச்சு படம் எடுங்க.

துருவன்:
சரிங்க ஐயா. ஓனர்கிட்ட பேசுனேன், இன்ஜின் ரூம் பக்கத்த மழைக்கு முன்னாடி இடிக்கப் போறாராம், கூரை ஆடுதுன்னு. சந்துச் சுவரு அதோட ஒட்டுனது, அதுவும் போயிடும். அளவு எடுக்க மூணு நாள் டைம் குடுத்திருக்காரு. லேசர் டேப் வச்சிருக்கறவங்க, பி100 மாஸ்க் உள்ளவங்க ரெண்டு பேரு வேணும், தனிச்செய்தி அனுப்புங்க. பகல்லதான்.

இரவுப்பறவை:
லேசர் டேப் என்கிட்ட இருக்கு. மாஸ்க்கு வாங்கிக்கறேன். தாடிய எடுத்தே ஆகணுமா அண்ணே?

கொக்கி:
எடுத்தே ஆகணும்.